கூண்டில் நின்ற சாவிக்காரம்மா

சாவி வெட்டுவோர் தாம் செய்து முடித்த சாவியின் தலையில் தமக்கென ஓர் அடையாளம் இடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஒருவர் வளையம் போடுவார். இன்னொருவர் பிறை போடுவார். கடைத்தெரு முனையில், தகரக் கூரை வேய்ந்த சிறிய கடையில் நெடுங்காலமாக அமர்ந்திருந்த சாவிக்காரம்மாவின் அடையாளம் இரண்டு கீறலும் அவற்றின் கீழ் ஒரு புள்ளியும். அரத்தின் விளிம்பால் இரண்டு இழுப்பு, ஆணிமுனையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். சாவி சரியாகத் திரும்பவில்லை என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டு வந்தால், முதலில் அதன் தலையைத்தான் பார்ப்பார். தம் கைவேலை என்றால் மறுபேச்சின்றிச் சரிசெய்து கொடுப்பார். பிறை போட்டிருந்தால், "இந்தப் பிள்ளையைப் பெத்தவர் அடுத்த தெருவிலே இருக்கார், அவர்கிட்டயே கொண்டு போங்க" என்பார்.

கடையின் பாதிதான் அவருடையது. மறுபாதியில் அவர் கணவர், கண்ணில் உருப்பெருக்கிக் குழலை இடுக்கிக்கொண்டு, கடிகாரம் பழுதுபார்ப்பார். "இந்தக் கடையிலே புருஷன் நேரத்தை நிறுத்தி வச்சிருக்கார், பொண்டாட்டி பூட்டைத் திறந்து வச்சிருக்காங்க" என்பது தெருவின் நிரந்தரக் கேலி. கடிகாரத்துக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. சாவி அப்படியன்று, அதற்கு அரசு உரிமம் வேண்டும். அந்த உரிமம் சாவிக்காரம்மாவின் பெயரில் இருந்தது. கடையும் அந்த உரிமத்தின் பேரில்தான் நின்றது. அது போனால் கணவரின் கடிகாரங்களும் தெருவுக்கு வந்துவிடும்.

மணமாவதற்கு முன் அவர் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஊசி போன்ற சிறு முளைகளையும் மயிரிழைச் சுருள்களையும் பூட்டின் வயிற்றுக்குள் அடுக்குவது அவர் பகுதியின் வேலை. தொழிற்சாலை மூடப்பட்டபோது உடன் வேலை பார்த்த பெண்கள் துணிக்கடைகளுக்குப் போனார்கள். இவரோ கடைசிச் சம்பளத்தில், அராவும்போது சாவியைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கி ஒன்றை வாங்கினார். "பொம்பளைக்கு எதுக்குடி இரும்பு வேலை?" என்று கேட்ட தாயாருக்கு, "பூட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதும்மா" என்று விடை கூறிவிட்டுக் கிடுக்கியைப் பலகையில் முடுக்கினார். ஒன்றை நினைத்துவிட்டால் அதிலிருந்து பின்வாங்கும் பழக்கம் அப்போதே அவரிடம் இல்லை.

அவர் கடைப்பிடித்த மற்றொரு வழக்கமும் உண்டு. சாவியைத் தொலைத்தவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனால், வெட்டாத சாவியைப் பூட்டில் நுழைத்து முறுக்கி, உள்ளே பட்ட தழும்பைப் பார்த்துப் பார்த்து அராவுவார். பூட்டு இணங்கிவிட்டது என்று விரலுக்குத் தெரிந்தவுடன் கையை எடுத்துவிட்டு, "நீங்களே திருப்புங்க" என்று விலகி நிற்பார். கதவைத் திறக்கும் அந்தக் கடைசித் திருப்பு வீட்டுக்காரருக்கு உரியது. அதன் பிறகு சாவியைத் திரும்ப வாங்கி, பிசிறு நீக்கி, அடையாளம் இட்டுக் கொடுப்பார்.

இந்த ஒழுங்கோடு அவர் செய்த வேலைகளில் ஒன்றுதான் அவரை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது.

மரக்கடைக்காரர் ஒருவர் அவருடைய பழைய வாடிக்கையாளர். அவருக்கு ஒரு தங்கை. அச்சகத்தில் பிழை திருத்துபவர், தனியாக வாழ்பவர். தாயார் விட்டுச்சென்ற வீட்டில், தாயாரின் விருப்பப்படியே, அந்தத் தங்கை குடியிருந்தார். ஒருநாள் மரக்கடைக்காரர் வந்து, "தங்கச்சி இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியிலே கிடக்கா. மாத்துத்துணி எடுக்கணும். சாவியை எங்கே வச்சாளோ தெரியலை" என்றார். வீட்டு உரிமைக்குச் சான்று பார்க்காமல் சாவி செய்யக்கூடாது என்பது உரிமத்தின் முதல் விதி. பழகிய முகம் என்பதால் சாவிக்காரம்மா அதைக் கேட்கவில்லை. அரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பூட்டு இணங்கியது. மரக்கடைக்காரர் திருப்பினார். கதவு திறந்ததும் சாவியை உருவிச் சாவிக்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக் கைதட்டினார். முனையில் நின்றிருந்த வண்டி முன்னால் நகர்ந்தது. அதில் கட்டிலும் பீரோவும் ஏறியிருந்தன. வண்டியிலிருந்து இறங்கிய ஆட்கள், உள்ளே கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவைகளைச் சுருட்டி ஒரு மூலையில் எறிந்தார்கள். மேசைமேல் அச்சுத் தாள்கள் விரித்தபடி இருந்தன. அவற்றின்மேல் ஒரு சிவப்புப் பென்சிலும், மடக்காமல் வைத்த மூக்குக்கண்ணாடியும் கிடந்தன.

மாற்றுத்துணி எடுக்க வந்தவர் கட்டிலோடு வருவதில்லை. அது சாவிக்காரம்மாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. சாவி அப்போது அவர் கையில் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கலாம். கை பழகிய வேலையைப் பழகியபடி செய்தது. பிசிறு நீக்கினார், இரண்டு கீறல், ஒரு புள்ளி. நீட்டினார். மரக்கடைக்காரர் வாங்கிக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து கைத்தடியோடு திரும்பிய தங்கைக்குத் தம் வீட்டுக் கதவே திறக்கவில்லை. அதற்குள் பூட்டையும் மாற்றியிருந்தார்கள். சத்திரத்தில் தங்கிக்கொண்டு, வீட்டைத் திரும்பக் கேட்டு அவர் சிவில் வழக்குத் தொடுத்தார். அண்ணனின் பதில் எளிமையானது: "அவளே வீட்டைக் காலிசெய்துவிட்டு, சாவியையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்." சொன்னதோடு நில்லாமல், தங்கை கொடுத்த சாவி இதுதான் என்று ஒன்றை நீதிமன்றத்தில் தாக்கலும் செய்தார். அதிபுத்திசாலி! பிழை திருத்துபவரின் கண் அந்தச் சாவியின் தலையில் போய் நின்றது. "என் சாவியில் இந்தக் கீறல் கிடையாது" என்றார். கீறல் யாருடையது என்பதைக் கடைத்தெருவில் கண்டுபிடிக்க ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. சாவிக்காரம்மாவுக்குச் சம்மன் வந்தது.

அன்று மாலையே மரக்கடைக்காரர் கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா?"

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு பக்கத்திலே நின்னு பார்த்தவ நான்."

மரக்கடைக்காரர் சிரித்து மழுப்பினார். "கோபம் எதுக்கு? நான் ஒரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்தேன், நீங்க அதைப் பார்த்து டூப்ளிகேட் போட்டீங்க. அவ்வளவுதானே நடந்தது?"

"அப்படி நடக்கலையே."

"நடந்ததைச் சொன்னா யார் மாட்டுவா? நான் மட்டுமா? கள்ளச்சாவி போட்டது யாரு? போலீஸ் வந்தா முதல்லே உங்க அரத்தைத்தான் எடுத்துட்டுப் போவாங்க."

கணவர் கண்ணிலிருந்த குழலைக் கழற்றினார். "ஐயா, கடை சாத்துற நேரம்" என்றார். கடை சாத்தும் நேரமாகவில்லை. இருந்தாலும் எழுந்து பலகையை இழுத்தார்.

"பொய் சொல்ல வேண்டாம்னா விடுங்க. பேசாமலாவது இருங்க. தன்னைத்தானே காட்டிக்கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. என் வக்கீல் சொன்னார்" என்று கூறிவிட்டு மரக்கடைக்காரர் போனார்.

அந்தக் கடைசி வாக்கியம் கணவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் தட்டின் முன் அமர்ந்தவர் கையை நனைக்கவில்லை.

"அந்த ஆள் அயோக்கியன்தான். ஆனா சொன்னதிலே ஒரு நியாயம் இருக்கும்மா. நீ பொய் சொல்லாதே. பேசாம இரு. சட்டமே ஒரு கதவைத் திறந்து வச்சிருக்குன்னா நாம ஏன் சுவரிலே போய் முட்டணும்?"

"அந்தக் கதவை அவர் ஏங்க எனக்குக் காட்டுறார்?"

"யார் காட்டினா என்ன? மகளுக்கு இன்னும் படிப்பு முடியலை. உரிமம் போச்சுன்னா நான் எங்கே உக்காருவேன்? உன் அடுப்படியிலயா?"

"அடுப்படியிலே உங்களை உக்கார வச்சா, சோறு வேகுறதுக்குள்ளே கடிகாரத்தைக் கழட்டிக் குக்கர் விசிலை மாட்டிருவீங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியும் கணவர் சாப்பிடத் தொடங்கவில்லை. சாவிக்காரம்மா மெல்லச் சொன்னார்: "நாளைக்குக் கோர்ட்டிலே இலவச வக்கீல் இருக்காங்களாம். விவரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றேன். தெரியாம பண்ண மாட்டேன். ஒருதரம் தெரிஞ்சே பண்ணினது போதும்."

சட்ட உதவி அறையில் இருந்த பெண் வழக்கறிஞர் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க மேலே குத்தம் சாட்ட வழிவைக்கிற எந்தக் கேள்விக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. சிவில் வழக்குதானேன்னு நினைக்காதீங்க. இங்கே சொல்றதை நாளைக்குக் கிரிமினல் கேஸிலே எடுத்து வைப்பாங்க. அதனாலே இங்கேயும் அந்த உரிமை உண்டு."

"ஒரே தடவையா, நான் ஒண்ணுமே பேசலைன்னு சொல்லிரலாமா?"

"முடியாதும்மா. கூண்டிலே ஏறணும். ஒவ்வொரு கேள்வியும் வரும்போது, இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்னு நீங்களே சொல்லணும். வேற யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது."

"கொஞ்சம் சொல்லிட்டுப் பாதியிலே நிறுத்தினா?"

வழக்கறிஞர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அங்கேதான் கவனமா இருக்கணும். அந்த அம்மா பக்கத்து வக்கீல் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, அண்ணன் பக்கத்து வக்கீல் அதே விஷயத்தைத் துருவுறப்போ வாயை மூடிக்கிட்டீங்கன்னா, முன்னே சொன்னதையும் சேர்த்து நீதிபதி ஒதுக்கிருவார். சோதிச்சுப் பார்க்க முடியாத சாட்சி சாட்சியே இல்லை."

"மரக்கடைக்காரரும் கூண்டிலே ஏறுவாரே. அவர் பேசலைன்னா?"

"அவர் வழக்கிலே ஒரு கட்சி. கிரிமினல் கேஸுன்னா அவர் பேசாததை அவருக்கு எதிரா எடுத்துக்கக் கூடாது. இங்கே எடுத்துக்கலாம். நீங்க வெறும் சாட்சி. நீங்க பேசலைன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"அப்போ யாருக்கு நஷ்டம்?"

"அதை என்கிட்டக் கேக்காதீங்க. நான் உங்க வக்கீல். பேசாதீங்கன்னு சொல்லத்தான் இங்கே உக்காந்திருக்கேன்."

சாவிக்காரம்மா நன்றி கூறி எழுந்தார். வாசலில் காத்திருந்த கணவரிடம், "கை செஞ்சதைச் சொல்லப்போறேன். மனசிலே இருந்ததை அண்ணன் பக்கத்து வக்கீலா கேட்டாத்தான் உண்டு. கேக்க மாட்டாங்க. கேட்டா அவங்களுக்கும்தானே ஆபத்து?" என்றார். கணவர் கூடவே நடந்து வந்து, பேருந்து நிறுத்தத்தில், "நீ முடிவு பண்ணிட்டுத்தான் உள்ளே போயிருக்கே" என்றார்.

விசாரணை நாளன்று கூடத்தில் கூட்டமில்லை. முதலில் மரக்கடைக்காரர் கூண்டேறினார். சாவி எங்கிருந்து வந்தது? "பதில் சொல்ல விரும்பலை." வண்டி எப்போது வந்தது? "பதில் சொல்ல விரும்பலை." தங்கையின் பொருள்கள் எங்கே? அதற்கும் அதே பதில். நீதிபதி தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். முன்பு தாமே காட்டிய சாவியைக் குறித்து இப்போது ஒரு சொல்லும் பேச அவர் துணியவில்லை. ஆயினும் மௌனத்தை மட்டும் வைத்து ஒரு வீட்டை மீட்டுக் கொடுத்துவிட முடியாது. அதற்கு மேல் ஏதாவது வேண்டும். பிழை திருத்துபவரின் வழக்கறிஞரிடம் வேறொன்றும் இல்லை, சாவிக்காரம்மாவைத் தவிர.

அவர் கூண்டில் ஏறியதும் சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

"இந்த அடையாளம் யாருடையது?"

"என்னுடையது."

"பிரதிவாதி வேறொரு சாவியைக் கொண்டுவந்து கொடுத்து, இதை நகல் எடுக்கச் சொன்னாரா?"

"இல்லைங்க. அவர்கிட்டச் சாவியே இல்லை. வீட்டு வாசல்லே வச்சுப் பூட்டிலே விட்டு அராவினேன்."

"கதவு திறந்தபோது உள்ளே என்ன பார்த்தீர்கள்?"

கொடியில் புடவை, மேசைமேல் தாள், சிவப்புப் பென்சில், மடக்காத கண்ணாடி, தெருவில் கட்டிலோடு வந்த வண்டி. ஒவ்வொன்றாக, ஏதும் சேர்க்காமலும் விடாமலும் சொன்னார். பெஞ்சில் இருந்த பிழை திருத்துபவர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். நரைத்த மீசை, பதமான குரல்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன்மா. அந்தச் சாவியை முடிச்சு என் கட்சிக்காரர் கையிலே கொடுத்தீங்களே. அந்த வீட்டிலே வேற ஒருத்தர் குடியிருக்காங்க, அவங்களுக்குத் தெரியாம இது நடக்குதுன்னு அப்போ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கணவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். கேள்வியின் கூர்மை சாவிக்காரம்மாவுக்கும் புரிந்தது. தெரியாது என்றால் பொய். அதையும், கொடியும் கண்ணாடியும் பார்த்ததாகச் சற்றுமுன் கூறிய வாயால் கூற முடியாது. தெரியும் என்றால் குற்றம். இரண்டுக்கும் அஞ்சி வாய் மூடிக்கொள்வார், மூடினால் முன்னே சொன்னதெல்லாம் கழிந்துவிடும் என்பதே அந்த மீசைக்காரரின் கணக்கு. தெரியும் என்ற சொல் வந்தால் தம் கட்சிக்காரரின் கதை முடிந்துவிடும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். சாவி வெட்டும் ஒரு பெண் தன் தலைமேல் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டாள் என்று துணிந்து கேட்டார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை. சொன்னா உங்க மேலே வழக்கு வரலாம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க."

"பேசலைன்னா, இவ்வளவு நேரம் சொன்னது என்னங்கய்யா ஆகும்?"

"ஒதுக்கி வைக்க வேண்டிவரும்."

"முழுசுமா?"

"இந்தச் சாவி பற்றிச் சொன்னது முழுசும்."

சாவிக்காரம்மா கையிலிருந்த சாவியைப் புரட்டினார். இரண்டு கீறலும் நேராக, இடைவெளி பிசகாமல் இருந்தன. அந்த வாசலில் நின்றபோதும் கை நடுங்கவில்லை என்பதற்கு அவையே சாட்சி. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும்யா" என்றார்.

மீசைக்காரர், "நல்லா யோசிச்சு..." என்று தொடங்கினார்.

"யோசிச்சுட்டேன். கதவு திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்போ சாவி என் கையிலே இருந்தது. கொடுக்காம வந்திருக்கலாம். பிசிறு எடுத்து, இந்த ரெண்டு கீறலையும் போட்டுக் கொடுத்தேன். தெரிஞ்சப்புறம் போட்ட கீறல் இது." சாவியை ஊழியரிடம் திருப்பிக் கொடுத்தார். "வேற ஏதாவது கேக்கணுமா?"

வேறு ஒன்றும் கேட்கப்படவில்லை.

தாழ்வாரத்தில் பிழை திருத்துபவர் கைத்தடியை ஊன்றி எதிரே வந்து நின்றார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சத்திரத்திலே படுத்திருக்க வேண்டாம்."

"ஆமாங்க."

"நன்றி சொல்வேன்னு நின்னுக்கிட்டிருந்தா, வேலையைப் பார்த்துக்கிட்டுப் போங்க."

"அதுக்கு நிக்கலைங்க. கால் நடுங்குது, அதான் நிக்கிறேன்."

பிழை திருத்துபவர் தம் கைத்தடியால் பக்கத்திலிருந்த பெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். சாவிக்காரம்மா அதில் உட்கார்ந்தார்.

வீடு தங்கைக்கே என்று தீர்ப்பாயிற்று. சாவிக்காரம்மாவின் சாட்சியத்தையும், அதற்குப் பக்கத்தில் பிரதிவாதியின் மௌனத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்ததாகத் தீர்ப்பில் கண்டிருந்தது. அஞ்சியபடியே பிறகு போலீஸ் வழக்கும் வந்தது. மரக்கடைக்காரர் சிறை சென்றார். சாவிக்காரம்மா அங்கும் அதே சொற்களைச் சொன்னார். சிறையில்லை, ஓராண்டுக்கு உரிமம் மட்டும் நிறுத்தப்பட்டது. தகரக் கடை மூடப்பட்டது. கணவர் உண்மையிலேயே சமையலறைச் சன்னலருகே மேசை போட்டார். "வெளிச்சம் கடையைவிட இங்கே நல்லாத்தான் இருக்கு" என்று ஒருநாள் வாய்தவறி ஒப்புக்கொண்டார். சாவிக்காரம்மா இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுக்கும் வேலைக்குப் போனார்.

அந்தக் கடைக்குத்தான் பிழை திருத்துபவர் புதுப் பூட்டு வாங்க வந்தார். தராசுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆயினும் திரும்பிப் போகவில்லை.

"மாட்டுறதுக்கு ஆள் வேணும்னா அடுத்த தெருக்காரர் நல்லா செய்வார்" என்றார் சாவிக்காரம்மா.

"இனிமே எந்தச் சாவிக்காரரையும் என் கதவைத் தொட விடுறதா இல்லை. நானே மாட்டிக்கிறேன். எப்படின்னு சொல்லுங்க."

"வாயாலே சொன்னா வராதுங்க. கதவைப் பார்க்கணும். உரிமம் இல்லாம நான் பூட்டைத் தொடக்கூடாது, அது ஒண்ணு."

"தொடாதீங்கன்னுதானே நானும் சொல்றேன்?"

மதிய இடைவேளையில் இருவரும் நடந்து போனார்கள். சாவிக்காரம்மா வாசற்படிக்குக் கீழேயே நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். பிழை திருத்துபவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

"அது தலைகீழா இருக்கு."

"தெரியுது, தெரியுது."

"மேல் திருகாணியை முழுசா முடுக்காதீங்க. முதல்லே நாலையும் பாதி பாதி."

"அச்சகத்திலே என்னை யாரும் திருத்தினதில்லை" என்று முணுமுணுத்தபடி அவர் முடுக்கினார். ஒரு திருகாணி கைதவறி உருண்டு படியிறங்கி வந்தது. சாவிக்காரம்மா குனிந்து எடுத்து, அதைப் படியின்மேல் வைத்துவிட்டு மீண்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் பிழை திருத்துபவர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். வாங்க என்று அழைக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து சாவி ஒருமுறை திரும்பியது. பிறகு இன்னொரு முறை.

"சரியா இருக்கா?" என்று குரல் வந்தது.

சாவிக்காரம்மா கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, இடைவேளை முடிவதற்குள் தராசுக்குத் திரும்பினார்.